பயணச் செலவு யார் கணக்கில்?

மும்பையின் விக்ரோலிக்கு வாருங்கள், தங்குங்கள், சுற்றிப் பார்த்து எழுதுங்கள் என்று எந்தச் சுற்றுலாத் துறையும் எழுத்தாளர்களை அழைக்காது. இங்கே கடலைப் பார்த்த விடுதி இல்லை. நீச்சல்குளத்தில் காலை உணவுத் தட்டை மிதக்கவிட்டுப் படமெடுக்க வழியில்லை. காட்கோபருக்கும் கஞ்சூர்மார்க்குக்கும் நடுவே ஸ்லோ லோக்கல் நின்று போகும் ஒரு நிலையம். ஒருபுறம் பார்க்சைட் மேடு, மறுபுறம் கோத்ரெஜ் வளாகம், அதற்கும் அப்பால் தாணே கழிமுகத்தின் அலையாத்திக் காடு. அந்த மேட்டிலும் அதன் சரிவிலும் தமிழ்க் குடும்பங்கள் வசிக்கின்றன. மழைக்காலத்தில் மண் சரியுமோ என்ற பயத்தோடுதான் தூங்குகின்றன. 2021 ஜூலையில் இங்குள்ள சூர்யா நகரில் சரிந்தும் இருக்கிறது.

எழுத விஷயம் இல்லாத ஊர் என்று சொல்லிவிட முடியாது. 1943இல் தொழிலதிபர் பிரோஜ்ஷா கோத்ரெஜ் இங்கே நிலம் வாங்கினார். நாட்டின் முதல் பொதுத் தேர்தலுக்காக, 1951இல், 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குப் பெட்டிகள் விக்ரோலித் தொழிற்சாலையில் தயாராகின. அன்று ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி என்பதால் அத்தனை தேவைப்பட்டன. வெளியே பூட்டுத் தொங்கவிட்டால் விலை கட்டுப்படியாகாது என்று, உள்ளேயே பூட்டிக்கொள்ளும் விதமாகச் செய்தார்கள். இந்தியாவில் தயாரான முதல் தட்டச்சுப் பொறியையும் 1955இல் இதே கோத்ரெஜ் நிறுவனம்தான் கொண்டுவந்தது. 'டைப்ரைட்டிங் ஹையர்' சான்றிதழோடு தாதரில் வந்து இறங்கிய ஒரு தலைமுறைத் தமிழர்களுக்கு இந்த நகரத்தில் சோறு போட்டது தட்டச்சுதான். அங்கிருந்து, 2025 ஜூனில் திறந்த ரயில்வே மேம்பாலம்வரை, தரைக்கு அடியில் போகவிருக்கும் புல்லட் ரயில் பாதைவரை சொல்லிக்கொண்டே போகலாம்.

இவற்றை எழுத ஆகும் பயணச் செலவு சொற்பம். லோக்கல் ரயிலில் இரண்டாம் வகுப்பின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். இந்த 5 ரூபாய்ப் பயணத்துக்குப் புரவலர் கிடையாது. லட்ச ரூபாய்ப் பயணத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். எந்த ஊர் எழுதப்படுகிறது, எந்த ஊர் விடுபடுகிறது, எழுதிய ஊரிலும் எது மறைக்கப்படுகிறது என்பதையெல்லாம் எழுத்தாளரின் ஆர்வத்தைவிட, செலவை ஏற்பவரின் கணக்குதான் முடிவு செய்கிறது. அந்தக் கணக்கில் வாசகரின் பங்கு இல்லாதவரை பயண எழுத்து விளம்பரத்தின் பக்கமே சாய்ந்து நிற்கும்.

சோறு வந்த இடம் வேறு

தமிழில் பயண எழுத்துக்கு வலுவான மரபு உண்டு. அதன் முதல் வரிசையில் ஏ.கே.செட்டியார் நிற்கிறார். கோட்டையூரில் 1911இல் பிறந்தவர். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றவர். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம்விட்டுக் கண்டம் அலைந்து, பலர் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940இல் அதை வெளியிட்டார். 1943இல் தொடங்கிய 'குமரி மலர்' இதழைத் தன் இறுதிக்காலம்வரை நடத்தினார். உலகத்தைச் சுற்றிவந்த அந்த மனிதர் தன் எழுத்தில் தன்னை முன்னால் நிறுத்திக்கொண்டதே இல்லை. பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து, பிறர் பார்த்த ஊர்களையும் நமக்குச் சேர்த்து வைத்தார்.

அவருக்குப் பிறகும் அந்த மரபு தொடர்ந்தது. ஆனந்த விகடனில் மணியன் எழுதிய 'இதயம் பேசுகிறது' வீடுவீடாகப் படிக்கப்பட்டது. அந்தப் பெயரிலேயே அவர் பின்னர் வார இதழ் தொடங்கும் அளவுக்குச் செல்வாக்குப் பெற்றது. குடகிலிருந்து பூம்புகார்வரை காவிரியின் வழியே போய், சிட்டியும் தி.ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971இல் வந்தது. சோமலெ வெளிநாடுகளையும் எழுதினார்; தமிழ்நாட்டின் மாவட்டங்களையும் ஒவ்வொன்றாக எழுதினார்.

இவர்களுக்குச் செலவுக்கு என்ன வழி? மணியனுக்குப் பின்னால் லட்சக்கணக்கான வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரு பத்திரிகை இருந்தது. சிட்டியும் ஜானகிராமனும் அகில இந்திய வானொலியில் சம்பளம் வாங்கியவர்கள். அந்தக் காலத்திலும் அரசுகளின் அழைப்பில் வெளிநாடு போய்வந்த எழுத்தாளர்கள் இருந்தார்கள். அழைப்பு என்பது புதிதாக முளைத்ததல்ல. ஆனால், அவர்கள் வீட்டு அடுப்பு அந்த அழைப்பை நம்பி எரியவில்லை. அடுத்த அழைப்பு வராவிட்டாலும் முதல் தேதி சம்பளம் வந்தது. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று எழுதும் தைரியத்துக்கு அந்தச் சம்பளமும் ஒரு காரணம்.

இன்று மாறியிருப்பது இதுதான். பயணத்தை மட்டுமே தொழிலாகக் கொண்ட ஒரு தலைமுறை வந்திருக்கிறது. அவர்களின் அடுப்பு எதை நம்பி எரிகிறது என்று பார்க்க வேண்டும்.

வரவு எட்டணா

"ஊரையும் சுத்துறாங்க, காசும் வருது. குடுத்து வெச்சவங்க!" உறவினர் வீட்டுத் திருமணங்களில் இந்தத் தொழில்காரர்கள் காதில் விழும் வசனம் இது. பயணம் என்பது இந்த வேலையில் சிறு பகுதி. சில நாள் பயணம் பல வார மேசை வேலையாக விரிகிறது. நூற்றுக்கணக்கான படங்களில் பத்தைத் தேர்ந்தெடுப்பது, கோயில் நடை சாத்தும் நேரத்தையும் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் போன்போட்டுச் சரிபார்ப்பது, கட்டுரையை எழுதுவது, அதையே தேடுபொறிக்கு ஏற்ற தலைப்போடு இன்னொரு மாதிரி எழுதுவது, அரை நிமிட ரீல் வெட்டுவது, அடுத்த கட்டுரைக்காக ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவது, அச்சான கட்டுரைக்குச் சன்மானம் கேட்டு நினைவூட்டுவது. கடைசி வேலைதான் அதிக நாள் பிடிக்கும்.

அச்சிதழ்களில் பலவற்றில் சன்மானமே கிடையாது. கொடுக்கும் இடங்களிலும் பயணச் செலவு என்று தனியாக எதுவும் வராது. கட்டுரைக்கான தொகையிலேயே ரயில், தங்கல், சாப்பாடு எல்லாம் அடக்கம் என்றால், போகாமலே எழுதுபவருக்குத்தான் அது லாபம். மும்பையில் ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு ஒருகாலத்தில் விமான நிறுவன இதழ்கள் ஓரளவு கைகொடுத்தன. 2019 ஏப்ரல் 17இல் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது; அதன் இதழும் அதோடு போயிற்று. 2020 மே மாதம் உள்நாட்டு விமானங்கள் மீண்டும் கிளம்பியபோது, தொற்று அச்சத்தால் இதழ்களை விமானத்தில் வைக்கவே தடை இருந்தது. அங்கீகாரம் பெற்ற பத்திரிகையாளர்களுக்கு ரயில்வே தந்துவந்த கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் நின்றது. வலைப்பதிவு எழுதியவர்களுக்கு அந்தச் சலுகை எந்நாளும் இருந்ததில்லை.

இணைய விளம்பர வருமானத்தில் தமிழுக்குத் தனிக் கதை. கூகுளின் ஆட்சென்ஸ் சேவை தமிழை முறைப்படி ஏற்றதே 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் தமிழ் வலைப்பதிவுலகம் கொண்டாட்டமாக இயங்கியது. ஆனால் அதில் எழுதியவர்களுக்கு விளம்பரக் காசு எட்டாக்கனியாகவே இருந்தது. கதவு திறந்த நேரத்தில் வாசகர்கள் காணொளிக்கு நகர்ந்துவிட்டார்கள். யூடியூபிலோ, நீளக் காணொளி போடுபவருக்கு ஆயிரம் சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையும் சேர்ந்தால்தான் விளம்பரப் பங்கு கேட்கவே முடியும். சேர்ந்த பிறகு நீளக் காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 சதவீதம் படைப்பாளிக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், தமிழ்ப் பக்கங்களுக்கு வரும் விளம்பரங்களின் மதிப்பு ஆங்கிலத்தைவிடக் குறைவு என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

இதற்கிடையில், கேள்விக்குத் தேடுபொறியே பதிலைச் சுருக்கிச் சொல்லிவிடும் வசதி 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. குற்றாலத்தில் எந்த மாதம் தண்ணீர் விழும், ராமேஸ்வரத்துக்கு எப்படிப் போவது என்பதுபோன்ற தகவல் கட்டுரைகள்தான் வலைப்பதிவர்களுக்கு ஆண்டு முழுக்க வாசகர்களைக் கொண்டுவந்தவை. யாரோ ஒருவர் அலைந்து சேர்த்த தகவல், அவர் பக்கத்துக்கு வராமலே வாசகருக்குக் கிடைத்துவிடுகிறது.

இலவசத்துக்குக் கட்டும் வரி

அச்சிதழில் காசில்லை, விளம்பரத்தில் காசில்லை என்றால் மிஞ்சுவது 'ஃபாம் ட்ரிப்'. சுற்றுலாத் துறையோ விடுதியோ விமான நிறுவனமோ செலவை ஏற்று அழைத்துப்போகும் பயணம். அதிலும் இப்போது 'கொலாப்', 'பார்ட்டர்' என்று வகைகள் உண்டு: மூன்று இரவு அறைக்கு இத்தனை ரீல், இத்தனை ஸ்டோரி, ஒரு பதிவு என்று முன்கூட்டியே பேசி முடிப்பது. கேரளச் சுற்றுலாத் துறை 2014இல் உலகெங்கிலும் இருந்து வலைப்பதிவர்களை வரவழைத்து, ஒரே பேருந்தில் இரண்டு வாரம் மாநிலத்தைச் சுற்றிக்காட்டியது. 'கேரளா பிளாக் எக்ஸ்பிரஸ்' என்ற அந்தத் திட்டத்தைப் பார்த்துப் பிற மாநிலங்களும் இதில் இறங்கின.

இப்படிப்பட்ட பயணத்தில் யாரும் "நல்லபடியாக எழுதுங்கள்" என்று சொல்வதில்லை. சொல்லவும் தேவையில்லை. காலை ஏழு மணிக்குத் தொடங்கி இரவு விருந்துவரை நிமிடத்துக்கு நிமிடம் நிகழ்ச்சி நிரல் போட்டிருப்பார்கள். தனியாகத் தெருவில் நடந்து, டீக்கடையில் உட்கார்ந்து, உள்ளூர்க்காரரிடம் பேச்சுக் கொடுக்க நேரம் இருக்காது. விடுதியின் கழிவுநீர் எந்த வாய்க்காலில் போய் விழுகிறது, அறையைச் சுத்தம் செய்யும் பெண்ணுக்கு என்ன கூலி என்றெல்லாம் விசாரித்தால் விருந்தாளி வரம்பு மீறுகிறார் என்றாகிவிடும். அழைப்பவர்களின் பட்டியல் ஒருசில பிஆர் நிறுவனங்களின் கையில் இருக்கிறது. ஒருமுறை கசப்பாக எழுதியவர் பெயர் அடுத்த பட்டியலில் இருக்காது. பட்டியலில் நீடிக்க விரும்புகிறவர் தன் கையாலேயே தன் எழுத்துக்குக் கத்தரி போட்டுக்கொள்கிறார்.

இலவசம் என்று சொல்லப்படும் இந்தப் பயணத்துக்கும் வரி உண்டு. தொழில் தொடர்பாக ஒருவர் பெறும் சலுகையின் மதிப்பு ஓராண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரிப் பிடித்தம் என்று, வருமான வரிச் சட்டத்தின் 194ஆர் பிரிவு 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சலுகை பணமாக இல்லாமல் பொருளாகவோ சேவையாகவோ இருந்தாலும் வரி கட்டப்பட்டதை உறுதிசெய்த பிறகே அதைக் கொடுக்க வேண்டும். ஒரு விடுதி 30,000 ரூபாய் மதிப்புள்ள தங்கலைத் தந்தால் 3,000 ரூபாய் ரொக்கமாகப் போக வேண்டும். விடுதியே அதை ஏற்றால் சரி; இல்லையென்றால் எழுத்தாளர்தான் கையிலிருந்து கட்ட வேண்டும். மெத்தையில் தூங்கிய மூன்று இரவை வைத்து வீட்டு வாடகை கொடுக்க முடியாது. தென்னை மரத்தடிப் படத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களுக்கு இந்தப் பக்கம் தெரிவதில்லை.

வாசகரைக் காக்கவும் சட்டம் வந்திருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இலவசப் பயணமோ விடுதித் தங்கலோ பெற்றுக்கொண்டு பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பரிந்துரை எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே, கண்ணில் படும் இடத்தில் சொல்ல வேண்டும். மறைத்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம். மீண்டும் செய்தால் 50 லட்சம்வரை. தமிழில் பத்து நிமிடம் பேசிவிட்டு, குறிப்புப் பெட்டியின் அடியில், ஹேஷ்டேக் கூட்டத்துக்கு நடுவே ஓர் ஆங்கிலச் சொல்லைச் செருகிவிட்டுப் போவது இந்த விதிக்கு எதிரானது. அப்படியும் அதுதான் வழக்கமாக இருக்கிறது.

விமர்சகர் ஓசியில் படம் பார்ப்பதில்லையா?

இதற்கு ஒரு நியாயமான பதில்வாதம் உண்டு. திரை விமர்சகர் இலவசக் காட்சியில்தான் படம் பார்க்கிறார். நூல் மதிப்புரை எழுதுபவருக்குப் பதிப்பகம்தான் நூல் அனுப்புகிறது. அவர்கள் நேர்மையாக எழுதுவதில்லையா? பயண எழுத்தாளரை மட்டும் ஏன் சந்தேகிக்க வேண்டும்?

வித்தியாசம் தொகையின் அளவில் மட்டும் இல்லை. ஒரு பதிப்பகம் நூல் அனுப்பாவிட்டால் விமர்சகர் கடையில் சில நூறு ரூபாய்க்கு அதை வாங்கிப் படித்துத் திட்டி எழுதலாம். ஒரு படத்துக்கு அழைப்பு வராவிட்டால் டிக்கெட் எடுத்துப் போகலாம். லட்சத்தீவு விடுதியைச் சொந்தக் காசில் சோதித்துப் பார்க்க எத்தனை பேரால் முடியும்? மேலும், விமர்சகர் பார்க்கும் படமும் நாம் பார்க்கும் படமும் ஒன்றுதான். விருந்தாளிக்குக் கிடைக்கும் அறையும் கவனிப்பும் நமக்குக் கிடைப்பதில்லை.

பெரிய நிறுவனங்களும் இந்தச் சிக்கலில் மாட்டியிருக்கின்றன. 1973இல் தொடங்கிய லோன்லி பிளானட் வழிகாட்டி நூல்கள், விடுதிகளிடம் சலுகை வாங்காமல் எழுதப்படுபவை என்ற பெயரெடுத்தவை. அதற்கு எழுதிய தாமஸ் கோன்ஸ்டாம், கொலம்பியா நூலில் தன் பங்குக்காக அந்த நாட்டுக்குத் தான் போகவே இல்லை என்றும், போய்வரும் அளவுக்குப் பணம் தரப்படவில்லை என்றும் 2008இல் சொன்னது பெரும் பரபரப்பானது. அவரிடம் கேட்கப்பட்டது பின்னணி, வரலாற்றுப் பகுதி மட்டுமே, அதற்குப் பயணம் தேவையில்லை என்பது நிறுவனத்தின் பதில். யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். எழுத்தாளரின் கையில் போதிய பயணச் செலவு இல்லாவிட்டால் நம்பகத்தன்மை எங்கே விரிசல் விடும் என்பதை அது காட்டிவிட்டது.

இலவசப் பயணம் ஏற்றவர்களின் கட்டுரையைப் பயணப் பகுதியில் ஏற்பதில்லை என்ற கறாரான விதியை நியூயார்க் டைம்ஸ் போன்ற நாளேடுகள் வைத்திருக்கின்றன. நல்ல விதிதான். ஆனால், சன்மானத்தையும் பயணச் செலவையும் சரியாகக் கொடுக்காமல் அந்த விதியை மட்டும் நாம் இறக்குமதி செய்தால், சொந்தமாகப் பணம் வைத்திருப்பவர்கள் மட்டுமே பயணக் கட்டுரை எழுதும் நிலை வரும். பார்க்சைட் மேட்டில் பிறந்து, தமிழும் மராட்டியும் இந்தியும் சரளமாகப் பேசும் ஒரு பெண் இந்த நகரத்தை எழுதவே முடியாது. ஆகவே, ஒழுக்க விதியும் ஊதியமும் சேர்ந்தே வர வேண்டும்.

எல்லோரும் எழுதும் தாராவி

விக்ரோலியில் ஏறி சயானில் இறங்கினால் தாராவி. ஒரே ரயில் பாதையில் இருக்கும் இந்த இரு இடங்களில் ஒன்று எழுதப்படாத ஊர். மற்றொன்று அளவுக்கு மீறி எழுதப்பட்ட ஊர். 2008இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' வருவதற்கு முன்பே தாராவியில் சுற்றுலா நடைகள் தொடங்கிவிட்டன. முன்னோடியான ரியாலிட்டி டூர்ஸ் நிறுவனம், நடையின்போது படமெடுக்கக் கூடாது என்ற விதியை வைத்து, லாபத்தின் பெரும்பகுதியைத் தன் தொண்டு அமைப்புக்குக் கொடுக்கிறது. வறுமையைக் காட்சிப்பொருளாக்கும் செயல் என்ற விமர்சனமும் அதன் மேல் உண்டு. எனினும், அவர்கள் வைத்த அந்தப் படவிதியைக்கூட மதிக்காமல், செல்ஃபி கம்போடு சந்துக்குள் நுழைந்து, குளித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் வாசலைப் படம்பிடித்துப் போகிற தனி ஆட்களை என்ன சொல்வது?

இத்தனை பேர் எழுதியும் தாராவித் தமிழர்கள் அந்த எழுத்தில் இருக்கிறார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து தலைமுறைகளாக வேரூன்றியவர்கள். அதே சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பெரிய பள்ளிவாசல். விடியுமுன் மாவு அவித்து, சைக்கிளில் ரப்பர் ஹாரன் அடித்தபடி நகரம் முழுக்க இட்லி விற்கப் போகிறவர்கள். 'ஆசியாவின் மிகப் பெரிய குடிசைப் பகுதி' என்ற ஒரே வரியில் இவர்கள் எல்லோரும் கரைந்துபோகிறார்கள். மாட்டுங்காவிலும் இதே அவசரம்தான். கஃபே மெட்ராஸையும் ராம நாயக்கையும் தமிழ் உணவகம் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். 1940களின் தொடக்கத்தில் பிறந்த இரண்டுமே உடுப்பி மரபின் கடைகள். பில்டர் காபியைப் படமெடுக்க ஐந்து நிமிடம் போதும். கல்லாவில் இருப்பவரிடம் எந்த ஊர் என்று கேட்க இன்னும் ஐந்து நிமிடம் ஆகும். அந்த இரண்டாவது ஐந்து நிமிடத்துக்குத்தான் யாரும் கூலி கொடுப்பதில்லை.

தாராவி இப்போது மாறப்போகிறது. மறுசீரமைப்புக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. கஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தை, தாராவிக்குள் வீடு பெறத் தகுதியில்லை எனப்படும் குடும்பங்களின் வாடகைக் குடியிருப்புக்காகத் தர மத்திய அரசு 2024இல் ஒப்புதல் கொடுத்தது. தாராவியின் 90 அடிச் சாலையில் வளர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம் நாளை விக்ரோலிக்கு அடுத்த நிலையத்தில் குடியேறக்கூடும். இட்லி வியாபாரம் என்னவாகும், கோயில் கொடை எங்கே நடக்கும், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவார்கள்? சயானிலிருந்து கஞ்சூர்மார்க்வரையிலான இந்தச் சின்னஞ்சிறு ரயில் பயணத்தைப் பின்தொடர்ந்து ஓராண்டு எழுதினால், அது நம் காலத்தின் முக்கியமான தமிழ்ப் பயண நூலாக இருக்கும். அதற்குப் புரவலராக எந்த விடுதியும் வராது.

எழுதப்படாத ஊருக்கு நேரும் இழப்பு இது. விளம்பரமாக மட்டுமே எழுதப்பட்ட ஊருக்கு வேறு வகைச் சேதம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மலை தாங்காத அளவுக்கு வண்டிகள் ஏறியதால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. அத்தனை கூட்டத்துக்கும் எழுத்தாளர்களைக் குற்றம்சாட்ட முடியாது. ஆனால் 'யாருக்கும் தெரியாத அருவி' என்று இடக்குறியீட்டோடு போடும் காணொளிக்குப் பின்னால் குப்பையும் நெரிசலும் வந்துசேர்வதை மலைக் கிராமங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. தண்ணீர்ப் பற்றாக்குறையையும் போக்குவரத்து நெரிசலையும் சேர்த்து எழுதியிருந்தால், சிலராவது வேறு மாதம் போயிருப்பார்கள். சிலராவது போகாமல் இருந்திருப்பார்கள். செலவை ஏற்ற விடுதி அந்த வரியை விரும்பாது.

செய்யக்கூடியவை

முதல் பொறுப்பு பத்திரிகைகளுக்கு. பயணக் கட்டுரைக்குச் சன்மானம் தனி, பயணச் செலவு தனி என்று பிரிக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்குக் கொடுக்க முடியாது என்றால் சரி. பேருந்திலும் ரயிலிலும் போய்வரக்கூடிய ஊர்களை எழுதச் சொல்லிக் கொடுக்கலாமே. தமிழ்நாட்டின் மாவட்டங்களைப் பற்றி சோமலெ எழுதிய காலத்துக்குப் பிறகு அந்த மாவட்டங்களே பிரிந்தும் பெருகியும் மாறிவிட்டன. மறுபடி எழுத வேண்டியவை நம் காலடியில் கிடக்கின்றன.

அடுத்து, அரசுத் துறைகள். சுற்றுலாத் துறை செலவழிப்பது மக்கள் பணம். அதை நிகழ்ச்சி நிரலோடு கூட்டிப்போகும் விருந்துக்குச் செலவிடுவதைவிட, வெளிப்படையான விண்ணப்பத்தின் வழியே சிலருக்குப் பயண நல்கையாகத் தரலாம். நிபந்தனை ஒன்று போதும்: எழுதியதை வெளியிடும் முன் துறைக்குக் காட்டக் கூடாது. குறைகளையும் சேர்த்துச் சொல்லும் கட்டுரைதான் துறைக்கும் பயன்படும். கழிப்பறை இல்லாத அருவிக் கரையைப் பற்றி வாசகருக்குத் தெரிவதற்கு முன் அதிகாரிக்குத் தெரிய வேண்டாமா?

மும்பைபோன்ற ஊர்களில் தமிழ் அமைப்புகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. சயானில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சபாக்களும் கல்வி அமைப்புகளும் இருக்கின்றன. பட்டிமன்றத்துக்குப் பேச்சாளரை விமானத்தில் வரவழைக்கும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினால், இந்நகரத் தமிழர் குடியிருப்புகளை ஓராண்டு சுற்றி எழுத உள்ளூர் இளைஞர் ஒருவரை அமர்த்தலாம். மறுசீரமைப்புப் பொக்லைன் வந்த பிறகு எழுதினால் அது நினைவுக் குறிப்பாகத்தான் இருக்கும்.

எழுதுகிறவர்களும் இரண்டு விஷயங்களில் தெளிவாக இருக்க வேண்டும். ஒன்று, யார் செலவில் போனோம் என்பதை முதல் பத்தியிலேயே தமிழில் சொல்லிவிடுவது. சட்டத்துக்குப் பயந்து இல்லாவிட்டாலும், வாசகருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. மற்றொன்று, வேறொரு வேலையில் இருந்துகொண்டே எழுதுவதைக் குறைவாக நினைக்காமல் இருப்பது. வேலையை உதறிவிட்டு உலகம் சுற்றக் கிளம்புங்கள் என்று உபதேசிக்கும் காணொளிகள் பலவற்றின் வருமானமே அந்த உபதேசத்திலிருந்துதான் வருகிறது. காவிரியை எழுதியவர்கள் வானொலி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் எழுதினார்கள். மாதச் சம்பளம் இருப்பவர் வார விடுமுறையில் ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகலாம். மூன்றாம் முறை போகும்போதுதான் அந்த ஊர் பேசவே தொடங்கும். நிகழ்ச்சி நிரலோடு போகிறவருக்கு முதல் முறை மட்டுமே உண்டு.

வாசகர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. இலவசமாகக் கிடைக்கும் பயணக் கட்டுரைக்கு வேறு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் தனக்கு வேண்டியதை அதில் வாங்கிக்கொண்டும் இருக்கிறார். பிடித்த எழுத்தாளரின் நூலைக் காசு கொடுத்து வாங்குவதும், சந்தா கட்டுவதும் தர்மம் அல்ல. அந்த எழுத்தில் நமக்கு ஒரு பாத்தியதையைப் பெற்றுத்தரும் முதலீடு.

இவற்றில் மிக எளிதாகத் தொடங்கக்கூடியது பத்திரிகை அலுவலகத்தில்தான். காகிதத்துக்கும் மைக்கும் விநியோக வேனுக்கும் ஆண்டுதோறும் தொகை ஒதுக்குகிற வரவுசெலவுத் திட்டத்தில் 'கட்டுரையாளர் பயணச் செலவு' என்று ஒரு வரி சேர வேண்டும். தொகை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. எழுத ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.